அயர்லாந்து மீண்டும் ஒரே நாடாவதில் அங்குள்ள கட்சிகளுக்கு உண்மையிலேயே அக்கறை இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் டப்ளினுக்குப் படிக்க வரப்போகிறவர் என்று நினைக்கிறேன். அயர்லாந்துத் தீவின் தெற்கு தனி நாடு, வடக்கு பிரிட்டனின் கையில் இருக்கும் வட அயர்லாந்து. நான் இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையிலிருந்து காரில் பத்து நிமிஷத் தூரத்தில், தெற்கே டண்டாக்கில் குடியிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கென்று கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆசை தெற்கே எல்லாக் கட்சிக்கும் இருக்கிறது. அவசரம் காட்டுவது, எல்லையின் இரண்டு பக்கமும் இயங்கும் சின் ஃபெயின் கட்சி மட்டும்தான். அவர்களும் இங்கே ஓட்டுக் கேட்டு வரும்போது முதலில் பேசுவது வீட்டு வாடகையை.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. ஃபியானா ஃபாயில் தன்னைக் 'குடியரசுக் கட்சி' என்றே சொல்லிக்கொள்கிறது. ஃபினே கேல் 1933-இல் தொடங்கியபோது 'ஐக்கிய அயர்லாந்துக் கட்சி' என்ற அடைமொழியோடுதான் வந்தது. இந்த இரண்டு கட்சிகளும்தான் தெற்கை மாறி மாறி ஆண்டன. இப்போது கூட்டணி போட்டு ஆள்கின்றன. இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-இல் பிரிட்டனே, 'எங்களோடு போரில் சேருங்கள், ஐக்கியத்தைக் கொள்கையளவில் ஏற்கிறோம்' என்று, அப்போது தெற்கின் பிரதமராக இருந்த ஃபியானா ஃபாயில் தலைவர் டி வலேராவிடம் தூது அனுப்பியது. அவர் மறுத்துவிட்டார். பிரிட்டனோடே இருக்க விரும்பிய வடக்கின் யூனியனிஸ்டுகளைச் சம்மதிக்க வைக்க லண்டனால் முடியும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. நடுநிலையை விடவும் மனம் இல்லை. அவர் செய்தது தப்பென்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள். வரிசையில் எது முன்னால் நின்றது என்று மட்டும் பாருங்கள்.

வடக்கின் சண்டையை முடித்துவைத்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு கட்சிகளுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. வடக்கில் பெரும்பான்மை சம்மதித்தால்தான் இணைப்பு. பெரும்பான்மை கிடைக்கும் போலத் தோன்றினால் வாக்கெடுப்பு நடத்த வேண்டியது பிரிட்டிஷ் அமைச்சரின் பொறுப்பு. வடக்கு முழுவதும் நம்முடையது என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருந்ததை மாற்ற, தெற்கே 94 சதவீதம் பேர் சரி என்று ஓட்டுப் போட்டார்கள். அதனால் இப்போது யாரைக் கேட்டாலும் 'காலம் கனியட்டும்' என்கிறார்கள். கனிய வைக்கிற வேலை யாருடையது என்றால் பதில் வராது.

என் கதைக்கு வருகிறேன். இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வெளிநாட்டவருக்கும் ஓட்டு உண்டு. 2024 ஜூனில் ஒரு வேட்பாளர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கட்சிப் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன், மழையில் நனைந்திருந்தார். நோட்டீஸை நீட்டி நடைபாதை, பஸ், குழந்தைகள் காப்பகம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் "ஒரே தீவு, ஒரே மக்கள். அதுதான் எங்கள் கனவு" என்றார்.

"அப்படியென்றால் எல்லை தாண்டி நியூரிக்கு நான் எப்போது போகலாம்?" என்றேன்.

"இப்போதே போகலாமே! செக்போஸ்ட்டே கிடையாதே" என்று சிரித்தார்.

செக்போஸ்ட் இல்லைதான். ரோட்டோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகிவிடும், வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறிவிடும், அவ்வளவுதான் எல்லை. ஆனால் ஒர்க் பெர்மிட்டில் இங்கே வாழ்கிற இந்திய பாஸ்போர்ட்காரன் அந்தக் கோட்டைத் தாண்ட பிரிட்டன் விசா வாங்க வேண்டும். பெல்ஃபாஸ்டிலிருந்து வரும் பஸ்ஸில் கார்டா போலீஸ் ஏறி அடையாள அட்டை கேட்பதும் உண்டு. எங்கள் ஆபீஸ் டீம் பெல்ஃபாஸ்ட் டைட்டானிக் மியூசியத்துக்குப் போனபோது நான் மட்டும் சீட்டில் உட்கார்ந்து மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் சொன்னதும் அந்த வேட்பாளர் முகம் மாறியது. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று என் நம்பரை எழுதிக்கொண்டு போனார். ஜெயித்தும்விட்டார். இன்றுவரை போன் இல்லை.

'விசா பிரிட்டன் சட்டம், ஐரிஷ் கட்சி என்ன செய்யும்' என்று கமெண்ட் வரும், தெரியும். கனவு காண்கிறவர் அந்தக் கோடு யார் யாரைத் தடுக்கிறது என்றாவது தெரிந்து வைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். டாக்டர் ஃபீஸும் அப்படித்தான். இங்கே ஜிபியை, அதாவது பொது மருத்துவரைப் பார்க்க 60 யூரோ எடுத்து வைக்க வேண்டும். நியூரியில் இருப்பவருக்கு இலவசம். நாளைக்கு இணைந்தால் யார் முறைக்கு யார் மாறுவது? வடக்கின் பற்றாக்குறையை அடைக்க லண்டன் ஆண்டுதோறும் தருகிற சுமார் 1,000 கோடி பவுண்டை யார் கட்டுவது? என் வாசலுக்கு வந்த ஒரு நோட்டீஸிலும் இது இல்லை.

ஒரு விஷயத்தில் ஆளும் தரப்பைப் பாராட்டியாக வேண்டும். ஃபியானா ஃபாயிலின் மிஹால் மார்ட்டின் 2020-இல் பிரதமராகித் தொடங்கிய, வடக்கும் தெற்கும் சேர்ந்து செய்யும் வேலைகளுக்குப் பணம் தரும் 'பகிர்ந்த தீவு' திட்டத்தைச் சாக்குப்போக்கு என்று சின் ஃபெயின்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் தெற்கே ஓமீத்துக்கும் வடக்கே வாரன்பாயின்ட்டுக்கும் நடுவே நேரோ வாட்டர் பாலம் எழும்புவது அந்தப் பணத்தில்தான். பல வருஷம் பேச்சாகவே கிடந்த பாலம் அது. 2030-க்குள் வாக்கெடுப்பு என்று சின் ஃபெயின் தேதி சொல்கிறது. தேதியை முடிவு செய்யும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஃபினே கேலின் லியோ வரத்கரும் பிரதமர் பதவியை விட்ட பிறகுதான், ஐக்கியம் வெறும் விருப்பமாக இல்லாமல் அரசின் இலக்காக வேண்டும் என்று அழுத்திப் பேச ஆரம்பித்தார். நாற்காலியில் இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

வடக்கின் யூனியனிஸ்ட் கட்சியான டியுபி பற்றிக் கேட்பீர்கள். ஐக்கியத்தை அடியோடு எதிர்க்கும் கட்சி, அதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் வடக்கில் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்ற பிரெக்ஸிட்டுக்கு (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதற்கு) கொடி பிடித்து, ஓரமாகக் கிடந்த ஐக்கியப் பேச்சை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். இந்த விஷயத்தில் அதிகம் 'உழைத்த' கட்சி எது என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் டியுபி மேல்தான் கட்டுவேன்.