மர்லின் மன்றோ காகிதப் பொம்மை: அசலா, மறுபதிப்பா?

கேள்வி: நான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். பழைய ஹாலிவுட் நடிகைகளின் காகிதப் பொம்மைப் புத்தகங்களை அண்மையில் சேகரிக்கத் தொடங்கியுள்ளேன். மர்லின் மன்றோவின் 1953ஆம் ஆண்டுப் புத்தகம், ஒரு பக்கமும் வெட்டப்படாதது என்று சொல்லி ஒருவர் இணையத்தில் பெரிய விலைக்கு விற்கிறார். படத்தில் தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா? வெட்டிய பொம்மைகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, அவை வீணா?

பதில்: 1953இல் மன்றோ பொம்மைப் புத்தகத்தை வெளியிட்டது உங்கள் மாநிலத்து அக்ரன் நகரில் இயங்கிய சால்ஃபீல்ட் பதிப்பகம், 1930களில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பொம்மைகளை அச்சிட்டதும் அதுதான். நடிகையின் உருவத்தையும் அதற்கு மாட்டும் காகித உடைகளையும் குழந்தைகள் வெட்டி விளையாடித் தீர்ப்பதற்கென்றே மலிவான தாளில் வந்தவை இப்புத்தகங்கள். அத்தகைய தாள் எழுபது ஆண்டுகளில் ஓரங்களிலாவது பழுப்பேறியிருக்க வேண்டும். வெண்மை ஒன்றை வைத்தே போலி என்று முடிவுகட்ட முடியாது என்றாலும், ஐயப்படப் போதுமான காரணம் அது.

முன்னட்டை, பின்னட்டை இரண்டின் தெளிவான படங்களைக் கேளுங்கள். பட்டைக்குறியீடு (கடைகளில் 1974இல்தான் புழக்கத்துக்கு வந்தது) அல்லது ஐ.எஸ்.பி.என். (புத்தகங்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) இருந்தால் அது 1953இல் அச்சானதாக இருக்கவே முடியாது. பதிப்பக முகவரியில் ஐந்திலக்க அஞ்சல் குறியீடு இருந்தாலும் அப்படியே. அந்த முறை 1963இல்தான் தொடங்கியது. கையில் கிடைத்தபின் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கறுப்பு எழுத்துகளைப் பாருங்கள். அசல் அச்சில் அவை பெரும்பாலும் முழுக் கறுப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். நகலில் எழுத்தே பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

டாம் டியர்னி வரைந்து டோவர் பதிப்பகம் 1979இல் வெளியிட்ட மன்றோ புத்தகமும் சந்தையில் உண்டு. அது போலி அன்று, தேர்ந்த ஓவியர் ஒருவரின் சொந்தப் படைப்பு. உடைகளின் நுணுக்கத்துக்காக நானே விரும்பி வாங்குவேன். ஆனால் அதற்கு 1953ஆம் ஆண்டுப் புத்தகத்தின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே, எந்தப் பதிப்பகம், எந்த ஆண்டு, அசலா மறுபதிப்பா என்பதை விற்பவரிடம் எழுத்திலேயே வாங்கிக்கொண்டு, பொருள் வேறாக இருந்தால் பணத்தைத் திரும்பப் பெற வழியுள்ள முறையில் மட்டும் பணம் செலுத்துங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் பேரம் பேசவும் வேண்டாம்.

வெட்டிய பொம்மைகள் வீணல்ல. மறுவிற்பனையில் வெட்டாத புத்தகத்துக்கே மதிப்பு அதிகம் என்பது உண்மை; ஆனால் பார்த்து மகிழச் சேர்ப்பவருக்கு, யாரோ ஒரு சிறுமி பொறுமையாகக் கத்தரித்த தொகுப்பே போதும். உடைகளின் எண்ணிக்கை முழுமையாக இருக்கிறதா, தோளில் மடித்து மாட்டும் சிறு பட்டைகள் அறுபடாமல் இருக்கின்றனவா, கழுத்து ஒடிந்திருக்கிறதா என்று கேட்டறிந்து வாங்குங்கள். ஒட்டுநாடாவால் ஒட்டிய பொம்மையை மட்டும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்: அதன் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகிவிட்டால், அந்தக் கறையை வீட்டில் வைத்து நீக்க முடியாது.