கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை: முதுமையில் செவியும் பேச்சும் குறித்த வாசகர் கேள்விகள்

முதியோரின் கேட்கும் திறனையும் பேச்சையும் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுள் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். இவற்றுள் பெரும்பாலானவை காதைப் பற்றிக் கேட்கப்பட்டிருந்தாலும் பதிலில் பாதி மூளையைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு வயது 76. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து பேசினால் நன்றாகவே பதில் சொல்கிறார். விசேஷ நாளில் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) எல்லோரும் கூடினால் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார். வேண்டியது மட்டும் அவர் காதில் விழும் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். உண்மை என்ன? (கானாடுகாத்தான்)

அந்தக் கேலியை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்கு ஒலி கேட்கிறது, சொல் விளங்கவில்லை. உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. பழுதானால் அவை மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. முதுமையில் அக்குழலின் நுழைவாயிலை ஒட்டிய செல்கள் முதலில் தளர்கின்றன. உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை வாங்குவது அவற்றின் பொறுப்பு. பேச்சுக்கு உரப்பைத் தரும் உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை கேட்டுவிடுகின்றன. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் மங்கிவிடுகிறது. ஆகவே கட்டு, தட்டு, பட்டு ஆகிய மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். எது சொல்லப்பட்டது என்பதை வாயசைவையும் பேச்சின் போக்கையும் கொண்டு மூளைதான் ஊகித்தாக வேண்டும்.

அடுப்படியில் ஒருவரோடு பேசும்போது இந்த ஊகம் எளிது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, தமக்கு வேண்டிய குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதற்குத் தேவையான நுண்ணிய நேரத் துல்லியம் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் வயதோடு குறைகிறது. இந்தக் குறையை ஈடுகட்ட, கவனத்துக்கும் நினைவுக்கும் பொறுப்பான நெற்றிப்புற மூளைப் பகுதிகளும் கேட்கும் வேலையில் இறங்குகின்றன. தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் மூளையின் நெகிழ்திறன்தான் இதுவும். ஆனால் அதற்கு உழைப்பு அதிகம் என்பதால், சிறிது நேரத்தில் களைத்துப்போய்த் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நம் வீடுகளின் அமைப்பும் இதில் முதியோருக்கு எதிராகவே நிற்கிறது. கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடித் தரையும் கல்தூண்களும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை; முந்தைய உயிரொலியின் எதிரொலி அடுத்த மெய்யொலியின்மேல் படிந்து அதை மூடிவிடுகிறது. தடித்த ஜமுக்காளம் விரிப்பதும் கனத்த திரைச்சீலை தொங்கவிடுவதும் ஓரளவு உதவும். அதைவிட, அப்பத்தாவைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைக்காமல், இரைச்சல் முதுகுப் பக்கம் அமையும்படி ஓர் ஓரத்தில் உட்காரவைத்து, பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே ஒருவர் ஒருவராக வந்து பேசுவது கூடுதல் பயன் தரும். காதருகே கத்த வேண்டாம். மயிர்ச்செல் தேய்ந்த காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ வழக்கம்போல் உரக்கவே கேட்கும். கத்தினால் உயிரொலிதான் உரக்கும், சொல் தெளியாது. சற்று நிதானமாகப் பேசி, விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். இவற்றோடு ஒரு முறை ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுத்துவிடுவதும் அவசியம்.

கேள்வி: அப்பச்சிக்குக் காது மிஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பாத்திரம் விழுந்தால் இடி விழுந்ததுபோல் இருக்கிறது, சொந்தக் குரலே அந்நியமாக இருக்கிறது என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். பணம் வீணா? (தேவகோட்டை)

இந்த நிலையில் கழற்றி வைத்துவிட்டால் வீண்தான். காது சிறிது சிறிதாக மங்கிய ஆண்டுகளில், வந்து சேராத ஒலிகளுக்கு ஏற்ப மூளையின் கேட்கும் புறணி (ஒலியைக் கையாளும் மேலடுக்குப் பகுதி) தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. மிதமான கேட்புக் குறைவிலேயே பார்வைக்கான தூண்டல்கள் கேட்கும் பகுதியின் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளத் தொடங்குவதும், ஆறு மாதம் முறையாகக் கருவி அணிந்தவர்களிடம் அம்மாற்றம் பின்வாங்குவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. இத்தனை காலம் கேட்காத ஒலிகள் ஒரே நாளில் திரும்பிவரும்போது, எது முக்கியம், எதைப் புறக்கணிக்கலாம் என்பதை மூளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி போட்டதும் எழுத்துத் தெரிவதுபோல் இது உடனே பலன் தராது என்பதை விற்பவர்கள் வாங்குபவருக்கு விளக்கமாகச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

முதல் வாரம் அமைதியான வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் அணியட்டும்; பிறகு நேரத்தைக் கூட்டி, சந்தைக்கும் கோயிலுக்கும் அணிந்து செல்லட்டும். தினமும் சிறிது நேரம் நாளிதழை உரக்க வாசித்தால் சொந்தக் குரல் பழகிவிடும். இரண்டு காதிலும் குறை இருந்து ஒன்றுக்கு மட்டும் கருவி வாங்கியிருந்தால், மற்றதற்கும் வாங்குவது பற்றி ஆலோசியுங்கள். ஒலி எட்டாத காதின் சொல்லறியும் திறன் காலப்போக்கில் குறையக்கூடும். பாத்திர ஓசை ஒரு மாதத்துக்குப் பிறகும் தாங்க முடியாததாக இருந்தால், அது பழக்கக் குறையாக இல்லாமல் அளவமைப்புக் குறையாக இருக்கலாம். பொருத்தியவரிடம் சென்று உச்ச ஒலியளவைத் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: காது கேட்காவிட்டால் மறதிநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கருவி போட்டால் வராதா? (காரைக்குடி)

வாட்ஸ்அப் சொல்வதில் பாதி உண்மை. மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 அபாயக் காரணிகளுள் ஒன்றாகக் கேட்புக் குறைவைச் சேர்த்திருக்கிறது. அபாயக் காரணி என்றால் நோய் நிச்சயம் என்று பொருளல்ல. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். மொத்தமாகப் பார்த்தபோது, கருவி பெற்றவர்களுக்கும் பொது உடல்நல ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கும் சிந்தனைத் திறன் சரிவில் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும் கருவி அணிந்தவர்களின் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. ஆகவே கருவியை மறதிக்கான மருந்தாக வாங்காதீர்கள். பேச்சுத் துணை குறையாமல் இருப்பதற்காக வாங்குங்கள், மற்றது கிடைத்தால் லாபம். நினைவுப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் முன் காதைச் சோதித்துவிடுவதும் நல்லது. கேள்வியே காதில் விழாதவர் தவறாகப் பதில் சொன்னால் அது மறதியாகக் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: பினாங்கில் முப்பது ஆண்டுகள் கடை வைத்திருந்த ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. தண்ணீர் கேட்கச் சொல் வரவில்லை, ஆனால் தேவாரம் பாடுகிறார். இடையிடையே மலாய்ச் சொற்கள் வருகின்றன. புத்தி பேதலித்துவிட்டதா? (கோட்டையூர்)

இல்லை. இது மொழியிழப்பு, அதாவது மூளையின் மொழிப் பகுதி பழுதானதால் சொல் வராமல் போவது. பேச்சை உருவாக்குவதில் இடப்பக்க நெற்றிப்புற மூளைக்குள்ள பங்கைப் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861இல் எடுத்துக்காட்டினார். அப்பகுதி பழுதானாலும், மனப்பாடமான பாடல், எண்ணுதல், வாழ்த்துரை போன்ற தானாக ஓடும் பேச்சு பலருக்கு எஞ்சியிருக்கும். பாடுவதில் வலப்பக்க மூளைக்கும் பங்கு உண்டு. இரு மொழி அறிந்தவருக்கு எது முதலில் திரும்பும் என்பது பழைய விவாதம். முதலில் கற்ற மொழி என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழி என்று 1895இல் எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் பித்ரே. இரண்டுக்கும் விலக்குகள் ஏராளம், பெரும்பாலும் இரண்டு மொழிகளும் சேர்ந்தே மீள்கின்றன. மலாய்ச் சொல் வந்தால் தடுக்காதீர்கள். அதை ஏற்றுக்கொண்டு, தமிழ்ச் சொல்லை நீங்கள் சொல்லிக்காட்டுங்கள். செம்பைக் கையில் கொடுத்து, "தண்ணி வேணும்" என்பதைத் தேவாரம் பாடும் நிதானத்தில் இழுத்துச் சொல்லிப் பழக்கலாம். மீட்சி முதல் சில மாதங்களில் வேகமாக நடந்தாலும் அதோடு நின்றுவிடுவதில்லை, எனவே பேச்சுப் பயிற்சியாளரிடம் இப்போதே தொடங்குங்கள். அவருக்காக நீங்களே முந்திக்கொண்டு பேசும் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டும்.

கேள்வி: 62 வயதில் தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. பயப்பட வேண்டுமா? (பள்ளத்தூர்)

வேண்டாம். வயது ஏறும்போது முதலில் தடுமாறுவது ஆட்பெயர்தான்; சொல்வளம் நெடுங்காலம் குறைவதில்லை. பெயர் சற்றுப் பொறுத்துத் தானே வந்துவிட்டால் கவலையில்லை. பொருளின் பயனே மறந்துபோனாலோ, பழகிய தெருவில் வழி தவறினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முந்தாநாள் தூங்கி எழுந்தபோது ஆயாவுக்கு இடது காது அடைத்துக்கொண்டதுபோல் கேட்கவில்லை. வயதானதால்தானே? பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா? (புதுவயல்)

எண்ணெய் ஊற்றாதீர்கள். முதுமைச் செவிடு இரண்டு காதிலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. ஒரே காதில் திடீரென வருவது அவசர நிலை. அழுக்கு அடைப்பாக இருந்தால் மருத்துவர் அதைச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். நரம்புவழிக் குறையாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரங்களுக்குப் பிறகு பலன் வெகுவாகக் குறைந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். முகம் கோணுதல், பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் கூடவே இருந்தால் 108ஐ அழையுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், இதை வாசித்த அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.