மாவுக்கட்டுக்குள்ள கால் சூம்பிப் போகுதே டாக்டர், என்ன பண்றது?

கேள்வி: வணக்கம் டாக்டர், நாங்க ஏற்காடு பக்கம். அப்பாவுக்கு 56 வயசு, 60 கிலோ இருப்பாரு, சுகர் இருக்கு. எஸ்டேட்ல மொளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்து எடது முழங்காலுக்குக் கீழ எலும்பு ஒடஞ்சிருச்சு. சேலத்துல காட்டினோம், தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு 6 வாரம் கால ஊனவே கூடாதுன்னுட்டாங்க. இப்ப மூணாவது வாரம். தொடை சூம்பிப் போய் கட்டுக்கும் காலுக்கும் நடுவுல ரெண்டு வெரல் போகுது. சொந்தக்காரங்க எல்லாம் அசையவே கூடாது, கஞ்சி ரசம் மட்டும் குடுன்னு சொல்றாங்க. சதை கரையாம இருக்க மாத்திரை, பவுடர் ஏதாவது இருக்குங்களா?

பதில்: வணக்கம்மா. நீங்க கேட்ட கேள்விக்கு அப்புறம் வரேன், மொதல்ல அந்த ரெண்டு வெரல் விஷயம். கட்டு போட்டப்ப இருந்த வீக்கம் வத்தி, சதையும் மெலிஞ்சா கட்டு இப்படி லூசாகும், இது அடிக்கடி நடக்குறதுதான். ஆனா லூசான கட்டுக்குள்ள ஒடஞ்ச எலும்பு நகர்றதுக்கு எடம் கெடச்சிரும், அதனால அடுத்த செக்கப் தேதி வரட்டும்னு காத்திருக்காம இந்த வாரமே கீழ கூட்டிட்டு போய் கட்டு போட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க. 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி கட்டுக்காலோட போறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் இதத் தள்ளிப் போடாதீங்க. எக்ஸ்ரே பாத்துட்டு தேவைப்பட்டா புதுக் கட்டு போடுவாங்க.

இப்ப சதை. நம்ம ஒடம்புல சதை தினமும் கொஞ்சம் கரையும், சாப்பாட்டுல இருந்தும் வேலையில இருந்தும் திரும்பக் கட்டிக்கும். கால அசைக்காம வெச்சா இந்தக் கட்டுற வேலை மந்தமாயிரும், அதான் முக்கியக் காரணம். நல்லா இருக்குற இளவட்டப் பசங்களுக்கே சோதனைக்காக ஒரு கால அசையாம வெச்சுப் பாத்துருக்காங்க, 5 நாள்லயே தொடைச் சதை 3ல இருந்து 4 சதவீதம் கொறஞ்சுது, 14 நாள்ல 8 சதவீதம் கிட்ட. பலம் அதவிட வேகமா, ரெண்டு வாரத்துல 20 சதவீதத்துக்கு மேல போயிருச்சு, ஏன்னா மூளையில இருந்து அந்தச் சதைக்கு வர்ற நரம்போட்டமும் பழக்கம் விட்டுப் போகுது. அதனால அப்பா தொடை மெலிஞ்சதுல அதிசயம் ஒண்ணுமில்லம்மா, முழுசா தடுக்க முடியாது, ஆனா நெறைய மிச்சம் பிடிக்கலாம், அதுக்கு கட்டு பிரிக்க இன்னும் இருக்குற மூணு வாரமே போதும்.

அசையவே கூடாதுன்னு சொல்றாங்கன்னு எழுதிருக்கீங்க. அசையக்கூடாதது ஒடஞ்ச எடம்தான். கட்டுக்குள்ளயே மூட்டு மடங்காம சதைய மட்டும் இறுக்கி விடலாம். எப்படின்னா, படுத்துகிட்டு முழங்கால் சில்ல தொடைப்பக்கம் மேல இழுக்குற மாதிரி, முழங்காலுக்கு அடியில ஒரு துண்டு இருக்கு அத அமுக்குறேன்னு நெனச்சு தொடைய இறுக்கச் சொல்லுங்க, 5 எண்ணுற வரைக்கும் பிடிச்சு விடணும், மூச்ச அடக்கக்கூடாது. ஒரு வேளைக்கு 10 தடவை, ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளை. பிட்டத்தையும் இதே மாதிரி இறுக்கி விடலாம். கால்வெரல மணிக்கு ஒருதரம் மடக்கி நீட்டணும். கட்டோட கால அப்படியே நேரா தூக்குறதும் நல்ல பயிற்சிதான், ஆனா கட்டு கனமா இருக்கும், ஒடஞ்ச விதத்தப் பொறுத்து சிலருக்கு வேண்டாம்னும் சொல்லுவோம், அதனால கீழ போறப்ப இதெல்லாம் செய்யலாமான்னு அந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அவருதான் எக்ஸ்ரேவ பாத்தவரு.

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. நல்லா இருக்குற வலது காலுக்குப் பயிற்சி குடுத்தா கட்டுல இருக்குற எடது காலோட பலமும் கொஞ்சம் காப்பாத்தப்படும். 1894லயே அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில ஸ்கிரிப்ச்சர்னு ஒருத்தர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி குடுத்து மத்த கையிலயும் பலம் ஏறுறதப் பாத்தாரு, அப்புறம் கட்டு போட்ட கைய வெச்சும் சோதிச்சுப் பாத்தாங்க, பலன் இருக்கு. நரம்பு வழியா நடக்குற வேலை இது. அதனால அப்பாவ கெட்டியான நாற்காலில உக்கார வெச்சு, கட்டுக்கால ஒரு ஸ்டூல்ல நீட்டி வெச்சுட்டு, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்ட துணிப்பையில போட்டு வலது கணுக்கால்ல கட்டி மெதுவா நீட்டி எறக்கச் சொல்லுங்க, 10 தடவை, மூணு செட்டு. நாற்காலிக் கையப் பிடிச்சு ஒடம்பத் தூக்கிப் பழகினா வாக்கர் பிடிக்க கைக்கும் பலம் வரும். எடது காலையும் இறுக்குறதா மனசுக்குள்ள நெனச்சுப் பாக்கட்டும், மணிக்கட்ட நாலு வாரம் கட்டி வெச்சு செஞ்ச ஒரு ஆராய்ச்சில அப்படி நெனச்சவங்களுக்குப் பலம் போனது மத்தவங்களுக்குப் போனதுல பாதி அளவுக்குத்தான் இருந்துது.

கஞ்சி ரசம் விஷயத்துல எனக்கு உண்மையாவே வருத்தம். படுத்திருக்குறவருக்கு எதுக்கு சத்துன்னு நெனக்கிறாங்க, ஆனா எலும்பு கூடவும் சதை நிக்கவும் அவருக்கு இப்பத்தான் புரதம் அதிகமா வேணும். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 70ல இருந்து 90 கிராம் வரைக்கும். கணக்குப் பாருங்க, ஒரு இட்லில 2 கிராம்தான், ஒரு கப் சோத்துல 4 கிராம், ரசத்துல பெருசா ஒண்ணுமில்ல. முட்டை ஒண்ணுல 6 கிராம், ஒரு டம்ளர் பால்லயும் அதே அளவு, 100 கிராம் கோழிக்கறில 25க்கு மேல, ஒரு கைப்பிடி வேர்க்கடலைல 7, 8 கிராம். கொள்ளு, மொச்சை, அவரை எல்லாம் நம்ம வீட்டுலயே இருக்குறதுதான், கொள்ளு 100 கிராம்ல 20 கிராமுக்கு மேல இருக்கு. ஒரே வேளைல கொட்டாம மூணு வேளைக்கும் பிரிச்சுக் குடுங்க, ராத்திரி படுக்குறதுக்கு முன்ன ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பால். இவ்வளவும் உள்ள போனா டப்பா பவுடர் வேண்டியதில்ல, சதைய நிறுத்துற மாத்திரையும் கெடையாது. ஆனா அவருக்கு சுகர் இருக்கே, அதனால கிட்னி டெஸ்ட் ஒண்ணு பாத்துட்டு அப்புறம் புரதத்த ஏத்துங்க, கிட்னில கோளாறு இருந்தா அளவு வேற. சுகர் கட்டுக்குள்ள இல்லன்னா எலும்பு கூடுறதும் தாமதமாகும், பீடி சிகரெட் பழக்கம் இருந்தாலும் அதேதான்.

எங்கிட்ட அம்மாபேட்டைல இருந்து ஒரு தறிக்காரர் வந்தாரு, மணிக்கட்டு எலும்பு அழகா கூடிருந்துது ஆனா ஒன்றரை மாசம் வெரல ஒருதரம்கூட மடக்காம பயந்து வெச்சிருந்ததுல வெரல் எல்லாம் கொச்சைக் கயிறு மாதிரி வெறச்சுப் போயிருச்சு, நூல் அறுந்தா முடி போட முடியல. மாசக்கணக்குல பயிற்சி குடுத்துத்தான் சரி பண்ணினோம். அதுக்கப்புறம் கட்டு போட்டு அனுப்புற ஒவ்வொருத்தர்கிட்டயும் வெரல ஆட்டுங்கன்னு ரெண்டு தடவை சொல்லாம விடுறதில்ல.

இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா பயிற்சிய விட்டுட்டு ஒடனே ஆஸ்பத்திரி போங்க, 108க்கு போன் பண்ணுங்க: மாத்திரை போட்டும் அடங்காத வலி, கால்வெரல் நீலமா இல்ல வெளுத்துப் போறது, மரத்துப் போறது, வெரல நீட்டினா உயிர் போற வலி, கால்ல திடீர்னு வீக்கம், மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி. கடைசி மூணும் ரத்தக்கட்டியா இருக்கலாம், அசையாம படுத்தே கெடந்தா அது வர்ற வாய்ப்பு கூடும். அரிக்குதுன்னு கட்டுக்குள்ள குச்சி விட வேண்டாம், சுகர்காரருக்கு சின்ன கீறலும் புண்ணாயிரும்.

கட்டு பிரிக்கிற அன்னைக்கு கால் மெலிஞ்சு தோல் உரிஞ்சு இருக்கும், பாத்து அழுதுராதீங்க. எண்ணெய் போட்டு உருவி முறுக்குறவங்ககிட்ட கூட்டிட்டுப் போகாதீங்க, பிசியோதெரபிதான் வேணும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல கேக்கலாம், மலைல இருந்து அடிக்கடி எறங்க முடியாதுன்னா உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவாங்களான்னு இப்பவே பேர் குடுத்து வைங்க. போன சதை திரும்ப போன வேகத்துல வராது, ரெண்டு மூணு மடங்கு நாள் எடுக்கும். இந்த வருச மொளக வேற யாராவது பறிக்கட்டும். எலும்பு கூடிருச்சுன்னு டாக்டர் சொல்லி, எடது கால்ல மட்டும் தடுமாறாம நின்னு காட்டுற வரைக்கும் அப்பாவ ஏணிகிட்ட விடாதீங்க.