ஈயத்துக்கு மஞ்சள் மாத்திரை மருந்தாகுமா?

கேள்வி: பழைய லாரி பேட்டரிகளைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறையில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 90 லட்சம் என்று வந்தது. மஞ்சள் சத்தும் பற்பமும் சேர்ந்த மூன்று மாத மருந்து உடலில் சேர்ந்த ஈயத்தை முறித்துவிடும் என்று சொல்லி ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி எண்ணிக்கையின் கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம். உங்களுடையது குறைவுதான் என்றாலும் கைவிட வேண்டிய நிலை அல்ல.

மஞ்சளில் உள்ள குர்குமின், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் போன்றவை விந்தகத்தைக் காப்பதாக வரும் செய்திகள் முழுப் பொய்யல்ல. ஆனால் அவை பெரும்பாலும், எலிகளுக்கு ஈயத்தையோ காட்மியம் என்ற நச்சு உலோகத்தையோ அளந்து கொடுத்து, அதோடு தாவரச் சத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகள். எலிக்கு நஞ்சு கொடுப்பதை ஆய்வாளர் ஒரு நாள் நிறுத்திவிடுவார்; உங்களுக்கோ பேட்டரியின் ஈயப் பிளேட்டைத் தட்டும்போதெல்லாம் ஈயத் தூள் மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. மேலும், உணவு மஞ்சளில் உள்ள குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. அதைக் கூட்டுவதற்காக மிளகுச் சத்து கலந்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

என் பெரிய கவலை அந்தப் பற்பம்தான், அதாவது உலோகத்தையோ தாதுவையோ புடமிட்டுச் செய்யும் பொடி; ஆயுர்வேதத்தில் பஸ்மம் என்பார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பெயரும் குழப்பும்: சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேத நாக பஸ்மமோ ஈயத்தில் செய்வது. விந்துக்குத் துத்தநாகம் நல்லது என்று கேட்டு வாங்கியவர் ஈயத்தையே விழுங்கக்கூடும். உங்களுக்குத் தரும் அதே தயாரிப்புத் தொகுதிக்கான உலோகப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். இத்தகைய தரகர்கள் எவரும் இதுவரை எனக்குக் காட்டியதில்லை. பளபளக்கும் மஞ்சள் கிழங்கையும் நம்ப வேண்டாம். வங்கதேசத்தில் நிறத்துக்காகக் கிழங்கின் மீதே ஈயக் குரோமேட் பூசியது ஆய்வில் வெளிப்பட்டது.

அந்தப் பணத்தில் முதலில் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து சேர்கிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும். 40ஐத் தாண்டினால் விந்தணு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தூளிலிருந்து விலகினால் ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும்; எலும்பில் படிந்தது பல ஆண்டுகள் தங்கிச் சிறிது சிறிதாகக் கசியும். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆவதால், விலகிய மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள். ஈயத்தை வெளியேற்றும் ஊசி, மாத்திரை உண்டு. ஆனால் அவை மருத்துவமனையில் முடிவுசெய்ய வேண்டியவை, வேலையைத் தொடர்ந்துகொண்டே எடுக்கக் கூடாதவை.

உங்களைப் போன்ற வேலையில் இருந்து இதைப் படிக்கும் வேறொருவருக்கு எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்திருந்தால், அவர் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. குறைவு வேறு, அறவே இல்லாமை வேறு. விந்து வரும் பாதை அடைபட்டிருக்கலாம், ஹார்மோன் குறையிருக்கலாம், மரபணுக் காரணமும் இருக்கலாம். பழியை ஈயத்தின் மீது போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் காலம் போய்விடும். பரிசோதனையை இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, உடனே ஆண் மலட்டுத்தன்மை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

ஈய நச்சு அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். ஆயினும் ஐந்தாறு பேர் வேலை செய்யும் கொட்டகைகளை எந்த அதிகாரியும் எட்டிப் பார்ப்பதில்லை. குழந்தையில்லை என்று வருகிறவரிடம் என்ன வேலை என்று கேட்கும் மருத்துவர்களும் குறைவு. இதற்கு நான் எத்தனை முறை எழுதுவது?

ஆகவே நீங்களே முதலாளியிடம் காற்றுப்போக்கியும் தூளைத் தடுக்கும் நல்ல முகமூடியும் கேளுங்கள், முடிந்தால் பிளேட் பிரிக்கும் வேலையிலிருந்து மாறுங்கள். பட்டறையில் சாப்பிடவோ புகைக்கவோ வேண்டாம். சிகரெட்டில் காட்மியம் வேறு இருக்கிறது. அங்கேயே குளித்து உடை மாற்றுங்கள், அந்தச் சட்டையை உங்கள் மனைவி துவைக்க விடாதீர்கள்: கருவுற்றபின் தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையையும் சேரும்.