கரண்ட் ரூம் வாசல் பெஞ்சு: வாசகியர் கேள்விகளுக்கு ஒரு டீச்சரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, இப்போது தினமும் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய் ரேடியேஷன் எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 15 சிட்டிங். நான்கு முடிந்திருக்கிறது. உள்ளே படுப்பதைவிட வெளியே காத்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நோயைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு அம்மா அக்குளை விலக்கிக் காட்டினார். தோல் கறுத்து உரிந்திருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இப்போது தள்ளிப்போய் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்றும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: முதல் வாரம் நானும் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன் அம்மா. 2011, ஆடி மாதம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து கையில் ஒரு வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொள்வேன். ஐந்து நாளும் ஒரே பக்கம்தான் திறந்திருந்தது.

ஐந்தாம் நாள் பரமக்குடிக்காரம்மா எழுந்து வந்தார். “ஒங்களுக்கு இது எத்தனாவது கரண்ட்டு?” என்றார். “அஞ்சு” என்றேன். “எனக்குப் பதினெட்டு. இங்கிட்டு வந்து உக்காருங்க, ஃபேன் காத்து வரும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் எழுந்து போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெஞ்சில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். மேலூர் அக்கா, போடிப் பொண்ணு, புதுக்கோட்டை அம்மா. நான் மட்டும் டீச்சர். ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வார்த்தையாலேயே, ஷாக் அடிக்குமோ என்று பாதிப் பேர் முதல் நாள் நடுங்கிக்கொண்டு வருவார்கள். அது மின்சாரம் இல்லை, எக்ஸ்ரே போன்ற கதிர்தான், வீரியம் அதிகம், உடம்பில் ஒன்றும் தெரியாது, மெஷின் ‘ம்ம்ம்’ என்று சத்தம் போடும், அவ்வளவுதான் என்று புதிதாக வந்தவருக்குச் சொல்வது மேலூர் அக்கா வேலை. டாக்டரும் இதையே சொல்லியிருப்பார். ஆனால் பன்னிரண்டு முறை உள்ளே போய்விட்டு நடந்து வந்தவர் சொல்லும்போது வயிற்றில் இறங்கும் தைரியம் வேறு.

சரி, உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவின் தோல் உங்கள் தோல் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மார்பின் அளவு, கதிர் அக்குளுக்கும் சேர்த்துப் போகிறதா இல்லையா, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக ‘பூஸ்ட்’ கொடுக்கிறார்களா, மொத்தம் எவ்வளவு அளவு என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு தனித்தனி. எண்ணிக்கையும் அப்படித்தான். என் காலத்தில் எங்கள் பெஞ்சில் பெரும்பாலும் 25 சிட்டிங், ஐந்து வாரம். ஒவ்வொரு முறையும் வைக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டி 15 முறையில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்துச் சொன்னார்கள். அதனால்தான் உங்களுக்கு மூன்று வாரம். ஐந்தே சிட்டிங்கில், ஒரே வாரத்தில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று 2020-இல் அங்கே ஆய்வு முடிவு வெளியானது. ‘அவளுக்கு 25, எனக்கு 15தானே, குறைவாக வைக்கிறார்களோ’ என்று எண்ணிக் கலங்க வேண்டாம். எங்களில் ஒருத்தி அப்படிக் கலங்கி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள்.

தோல் கறுப்பது, சிவப்பது, அரிப்பதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கும். கடைசி சிட்டிங் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் கூடிக்கொண்டு போகும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ‘முடிந்துவிட்டதே, ஏன் மோசமாகிறது’ என்று பயந்து போனேன். அதன் பிறகு தானாக ஆறும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் புதுத்தோல் வந்துவிடும். அடிமார்பு மடியும் இடமும் அக்குளும்தான் அதிகம் படும். நம் ஊர் வெயிலுக்கு வியர்வை வேறு.

இதற்குப் பரமக்குடிக்காரம்மா ஒரு வேலை செய்தார். அவர் தறிக்காரர் வீட்டுப் பெண். தன் அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று, துவைத்துத் துவைத்து நைந்து வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்தது, அதை ஒரு நாள் கொண்டு வந்தார். பெஞ்சிலேயே உட்கார்ந்து, கரையைப் பல்லால் கடித்து நுனி பிரித்து, நீளவாக்கில் சர்ரென்று கிழித்தார். நாலு விரல் அகலம். ஆளுக்கு ஆறு துண்டு. மார்பு மடிப்புக்கு அடியில் ஒன்றை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும், நனைந்தால் மாற்ற வேண்டும். சாயம் போட்ட புதுத்துணி உரசும். இது உரசாது. டாக்டரம்மாவிடம் காட்டியபோது, “சுத்தமா துவைச்சு, உள்ளே போறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, போதும்” என்றார். என் துண்டுகளில் ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட மார்பில் அளவு போட்டுக் கோடு வரைந்த ஊதா மை அதில் ஒட்டி, எத்தனை துவைத்தும் போகவில்லை.

இதே பெஞ்சிலிருந்து நான் பட்ட கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம், இன்னொருவர் பேச்சைக் கேட்டு, மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்து அக்குளில் அப்பிக்கொண்டேன். இரண்டு நாளில் எரிச்சல் தாங்க முடியவில்லை. தோல் கொப்பளித்துவிட்டது. மஞ்சள்தான் காரணமா, கதிரே செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் புண்ணைப் பார்க்க முடியாதபடி மஞ்சள் அப்பிக் கிடந்தது. அதைக் கழுவி எடுக்கும்போது நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மூன்று நாள் சிகிச்சை நின்றது. ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். துணி, பேச்சு, தைரியம், மோர் எல்லாம் பெஞ்சிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பூசுவதும் விழுங்குவதும் டாக்டரிடமிருந்து மட்டும். கற்றாழை, சந்தனம், பவுடர், யாரோ அனுப்பிய சூரணம், கூடுதல் சத்து மாத்திரை, எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். மற்றபடி பத்தியம் என்று ஒன்று கிடையாது. முட்டை, மீன், பருப்பு, எது பிடிக்கிறதோ வயிறாரச் சாப்பிடுங்கள்.

அப்புறம் தோள்பட்டை. உள்ளே கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். ஆபரேஷன் ஆன கை விறைத்திருந்தால் அதுதான் பெரிய வேதனை. மேலூர் அக்கா காத்திருக்கும் நேரத்தில் எங்களைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்திவிடுவார். விரல் நுனியால் சுவரில் சிலந்தி மாதிரி மெல்ல மெல்ல ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மறுநாள் அதைத் தாண்ட வேண்டும். நான் ஐந்து வாரத்தில் ஒன்றரைச் சாண் ஏறினேன். இது பிசியோதெரபியில் சொல்லித் தருகிற பயிற்சிதான். அங்கே போய் ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

உங்களுக்கு இடது பக்கம் என்பதால், மூச்சை நன்றாக இழுத்து அடக்கச் சொல்கிறார்களா? அடக்கும்போது நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து சற்று விலகும், அதன் மேல் கதிர் படுவது குறையும். எனக்கு அந்த வசதி அப்போது இல்லை. இப்போது பல இடங்களில் செய்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லி இருபது வரை அடக்கிப் பழகுங்கள். போனை வைத்துக்கொண்டு தனியாகப் பழகுவதைவிட இது நன்றாக வரும்.

திமிர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அந்தப் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் அந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான். எங்களிலும் ஒருவர் வெகுநாள் ஒதுங்கியே இருந்தார். உசிலம்பட்டிப் பெரியவர். மனைவிக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்தோம். இரண்டாவது வாரம் அவர் பெயரைக் கூப்பிட்டு அவர் எழுந்து உள்ளே போனபோதுதான் தெரிந்தது, நோயாளியே அவர்தான் என்று. மார்புப் புற்று வருகிற நூறு பேரில் ஒருவர் ஆண். பெண்கள் கூட்டத்தில் உட்கார அவர் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பார்! மறுநாள் நாங்கள் பெஞ்சின் ஓரத்தை அவருக்கு விட்டோம். வந்து உட்கார்ந்தார்.

நோயைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறீர்கள். சில நாள் அப்படித்தான் இருக்கும். தாங்கவில்லை என்றால் “இன்னிக்கு அந்தப் பேச்சு வேண்டாமே அக்கா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பில்லை. எனக்கு அப்படித் தோன்றிய நாளில் நான் பாடம் எடுத்தேன். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் பட்ட பாட்டைப் பார்த்து, விடாமல் முயன்று 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்த கதையைச் சொன்னேன். அவர் பிறந்தது புதுக்கோட்டை என்றதும் புதுக்கோட்டை அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “எங்க ஊரா!” என்றார். அன்று அவர்தான் முதல் ஆளாகச் சிரித்துக்கொண்டு உள்ளே போனவர்.

ஒரு முறை மெஷின் ரிப்பேர். யாரும் முன்னாடி சொல்லவில்லை. விடிகாலை நாலரை மணிக்குப் பஸ் ஏறி வந்தவர்களெல்லாம் மத்தியானம் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். கோபம்தான் வந்தது. அதற்கு அப்புறம் நாங்களே ஓர் ஏற்பாடு செய்தோம். பக்கத்தில் தங்கியிருந்த பெண் காலையில் போய்ப் பார்ப்பாள். ஒரு மிஸ்டு கால் என்றால் மெஷின் ஓடுகிறது. இரண்டு என்றால் வர வேண்டாம். இப்போது உங்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது, இன்னும் சுலபம். சிட்டிங் விட்டுப்போனால் பயப்பட வேண்டாம், அதை எப்படி ஈடு செய்வது என்று டாக்டர் சொல்வார். ஆனால் நீங்களாக விடக் கூடாது. கடைசி வாரம் அசதி ஆளை அமுக்கும். அப்போது இழுத்துக்கொண்டு போவது அந்த மிஸ்டு கால்தான்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவர்களில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படித் தாங்குவேன் என்பதுதான் தள்ளி உட்காருவதற்கு உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான். போடிப் பொண்ணு மறுவருஷம் தைக்கு முன் போய்விட்டாள். 34 வயது. அவளுக்கு வந்த வகை வேறு, முதலிலேயே எலும்புக்குப் போயிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் ஒரு வாரம் நான் எழுந்திருக்கவில்லை. அவளைத் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்குக் கீமோவில் முடி போய் மொட்டைத் தலையோடு இருந்தபோது, தன் வளையலைக் கழற்றி என் கையில் போட்டு, “கையையாவது பாக்கட்டும் டீச்சர்” என்றவள் அவள்.

மேலூர் அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பரமக்குடிக்காரம்மா பேத்திக்குப் பேறுகாலம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நாளைக்குப் போனதும் தோலைக் காட்டின அந்த அம்மாவிடம் “இப்ப எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். ஆறிக்கொண்டு வருகிறதா என்று நீங்களே பார்ப்பீர்கள். உங்களுடைய பதினைந்தாவது நாளன்று மிட்டாய் வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே அது வழக்கம்.

கேள்வி: சிகிச்சைக்காக அம்மாவைத் தென்காசியிலிருந்து சென்னைக்கு அழைத்துப் போக வேண்டும். ரயிலில் சலுகை உண்டு என்கிறார்களே?
– ஒரு மகள், தென்காசி

பதில்: உண்டு. புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு படிவம் இருக்கும். அதில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரில் காட்டி டிக்கெட் எடுங்கள். நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், அதில் கதிர்வீச்சு சிகிச்சையும் சேர்த்திதான்.

கேள்வி: மாமியாருக்கு மார்பில் கரண்ட் வைக்கிறார்கள். எட்டு மாதக் கைக்குழந்தையை அவர் தூக்கினால் குழந்தைக்குக் கதிர் பாதிக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அவரும் குழந்தையைத் தொடாமல் அறையிலேயே இருக்கிறார். பார்க்கவே பாவமாக இருக்கிறது.
– ஒரு மருமகள், விருதுநகர்

பதில்: மெஷினில் படுத்து எடுத்துக்கொள்ளும் சிகிச்சை என்றால் ஒரு பயமும் இல்லை. மெஷினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது, அடுத்தவருக்குப் போகாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். இன்றைக்கே குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் வையுங்கள். சிகிச்சை நடக்காத பக்கத்துத் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், எட்டு மாதக் குழந்தை காலால் உதைக்கும், அந்தப் பக்கத் தோல் தாங்காது. உட்கார்ந்து வைத்துக்கொள்வது நல்லது, அசதி இருக்கும். குழந்தை அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மை போட்ட இடத்தில் உரசும்.