எல்லாளனும் மனுநீதிச் சோழனும் ஒரே ஆளா? கன்றுக்குட்டிக் கதையில் எது நிஜம்?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஏதோ வாட்ஸ்அப் குழுவில் யாரோடோ மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இதே கதைக்காக ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அவமானப்பட்டவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பேச்சுப்போட்டி, தலைப்பு நீதி தவறாத மன்னர்கள். இலங்கையில் அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனைப் பற்றிப் பேசினேன். மகன் தேரில் திஸ்ஸ வாவிக்குப் போகும் வழியில் கன்றை ஏற்றிக் கொன்றுவிடுகிறான், தாய்ப்பசு வந்து மணிக்கயிற்றை இழுக்கிறது, அரசன் அதே தேர்ச்சில்லால் மகனின் தலையை எடுக்கிறான். பேசி முடித்ததும் நடுவர்களில் ஒருவர் மைக்கை வாங்கி, "பிள்ளை, அது மனுநீதிச் சோழன். திருவாரூர். வீட்டில சொல்லித் தந்தவைக்கே தெரியாது போல" என்றார். சபை சிரித்தது. சொல்லித் தந்தவர் அப்பப்பா, என் அப்பாவின் அப்பா. மூன்றாவது வரிசையில் இருந்தார், மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறப்பதும் டப்பென்று மூடுவதுமாக. வீட்டுக்கு நடந்து வரும்போது ஐஸ்பழம் வாங்கித் தந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பல வருடம் கழித்துத்தான் இலங்கை அரசர்களின் கதையைச் சொல்லும் பழைய பாளி நூலான மகாவம்சத்தை நானே படித்தேன், ஜெர்மன் அறிஞர் கைகர் 1912ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை. இருபத்தோராம் அத்தியாயத்தில் அப்பப்பா சொன்னது அப்படியே இருக்கிறது. மணி தொங்கியது எல்லாளனின் கட்டில் தலைமாட்டில் என்பதுவரை. (அந்தப் புத்தகத்தைப் பார்க்க ஒரு நூலகத்தில் நான் பட்ட பாடு தனிக்கதை. மூன்று முறை போனேன், மூன்று முறையும் போட்டோகொப்பி மெஷின் பழுது, நாலாம் முறை மெஷின் சரி, மனுசன் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். தமிழ்ப் பகுதியில் பாதி நூல்களுக்கு முதுகே இல்லை, கேட்டால் "ஆள் இல்ல மிஸ்". ஏன் ஆள் இல்லை என்று யாராவது கேட்கிறார்களா?)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரபாகச் சொல்லும் கணக்கில் எல்லாளன் ஆண்டது கி.மு. 205 முதல் 161 வரை. மகாவம்சம் எழுதப்பட்டது அதற்கு அறுநூறு வருடங்களுக்கும் மேல் பிந்தி. அந்தப் பக்கம் சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கன்றுக்காக மகனைத் தேர்ச்சில்லில் கொன்ற சோழனைத் தன் ஊர்ப் பெருமையாகச் சொல்கிறாள். திருவாரூர், மனுநீதி என்று விரிவாக வருவது பெரிய புராணத்தில், அது 12ஆம் நூற்றாண்டு. ஆக நடுவரும் பொய் சொல்லவில்லை, அப்பப்பாவும் பொய் சொல்லவில்லை. என் எண்ணம், இது ஊர் ஊராகத் திரிந்த கதை, எந்த அரசனைச் சனம் நல்லவன் என்று நினைத்ததோ அவன் வாசலில் அந்த மணியைக் கட்டிவிட்டது. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று சொல்ல இந்த ஒரு கதை போதாது.

இன்னொன்று. அதே அத்தியாயத்தில் பனைமரத்துக் கூட்டில் குஞ்சைத் தின்ற பாம்புக்கும் வழக்கு நடக்கிறது. தாய்ப்பறவை மணியடிக்க, பாம்பின் வயிற்றைக் கிழித்துக் குஞ்சை எடுத்துவிட்டு, பாம்பை மரத்தில் தொங்கவிட்டார்களாம். ஒரு கிழவி காயப்போட்ட அரிசி நனைந்ததற்காக அரசன் பட்டினி கிடந்து, மழையையே வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் நடுச்சாமத்தில் மட்டும் பெய்ய வைக்கிறான். கன்று நிஜம் என்பவர்கள் பாம்பையும் மழையையும் சேர்த்துத்தான் நம்பவேண்டும்.

அநுராதபுரத்தை அடுத்தடுத்து ஆண்டவர்களுக்கு மகாவம்சம் தரும் ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். உத்திய 10, மகாசிவ 10, சூரதிஸ்ஸ 10, சேனனும் குத்திகனும் சேர்ந்து 22, அசேல 10, எல்லாளன் 44. இருபத்திரண்டின் இரட்டிப்பு! இவ்வளவு அழகாக எந்த ராஜாவும் செத்துக் கொடுக்கமாட்டான்.

உடனே ஒருவர் வந்து "அப்ப எல்லாளனே இல்லையோ" என்று பாய்வார். அப்படிச் சொல்லவில்லை ஐயா. எல்லாளனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவின் வெற்றியைப் பாட எழுந்த நூலே அவனிடம் தோற்றவனை நீதிமான் என்கிறது, சமாதிக்கு மரியாதை செய்யச் சொல்கிறது. பெரிய எதிரியை வென்றால்தான் பெரிய வெற்றி என்பதற்காகவும் எழுதியிருக்கலாம், அதையும் மறுக்கமாட்டேன். ஆனால் அநுராதபுரத்தில் அந்தக் காலத்தை ஒட்டியே தமிழர் இருந்ததற்குக் கல்லில் சாட்சி உண்டு. தமிழ் இல்லத்தார் கூடிய மேடை என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள், அதில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் கப்பல்காரர். அதோடு, இதை வெறும் தமிழ்–சிங்களச் சண்டையாகச் சொல்லும் இரண்டு பக்கத்தாருக்கும் ஒரு தகவல்: துட்டகைமுனுவின் பத்து வீரர்களில் ஒருவனான நந்திமித்திரன், எல்லாளனின் சேனாபதி மித்தனுக்குச் சொந்த மருமகன், சகோதரி மகன் என்று அதே மகாவம்சம்தான் சொல்கிறது. சமாதி விஷயமும் இப்படித்தான், எல்லாளன் சமாதி என்று காலம் காலமாகக் கும்பிட்ட மேட்டை தக்கிண தூபி என்ற பௌத்தத் தூபி என்று அடையாளம் கண்டவர் தொல்லியலாளர் பரணவிதான, அதை மறுத்து 1981ல் நூல் எழுதியவர் ஜேம்ஸ் ரட்ணம்.

கடைசியில் போட்டோகொப்பி கிடைத்த அன்று அப்பப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய கிளார்க், இங்கிலீஷ் நன்றாக வரும். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நடுவரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். தாளை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டுச் சொன்னார், "பாம்புக் கதை ஒண்டு இருக்கெண்டு தெரிஞ்சிருந்தா அதையும் சேர்த்துச் சொல்லித் தந்திருப்பனே."