மனச்சோர்வு: கேட்டவர்களுக்கு ஒரு மனநலச் செவிலியரின் பதில்கள்

கேள்வி (குளச்சல்): வீட்டுக்காரர் மூன்று மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்தே கிடக்கிறார். மாமியார் சோம்பேறி என்கிறார்.

பதில்: அக்கா, சோம்பேறிக்கு நல்லா தூக்கம் வரும். இவர் எத்தனை மணிக்கு விழிக்கிறார் என்று பாருங்கள். விடியுமுன் முழிப்பு, மீன்குழம்புகூட ருசிக்காமை, எதிலும் நாட்டமின்மை, இதெல்லாம் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் நோய்தான். கடலுக்குப் போகாதவருக்குக் காசு மட்டுமா போகிறது? கரையில் வலை சீர்பார்த்தபடி பேசும் பேச்சும் போய்விடுகிறது. ஆள்முகம் பார்க்காததால் சோர்வு கூடுகிறது, சோர்வு கூடியதால் வெளியே போக மனம் வருவதில்லை. இதிலிருந்து அவர் தனியாக மீள்வது கடினம். கூட்டாளி ஒருவரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம்; "வலையைக் கொஞ்சம் பிடிடே" என்று பத்து நிமிடம் கூட்டிப்போனால் போதும். 2017 ஒக்கிப் புயலில் உடனிருந்தவர்களை இழந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்றைக்குத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி நான். 10 நாளாக மாத்திரை சாப்பிட்டும் குணமில்லை. பழகிவிடும் என்கிறார்களே?

பதில்: பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். இந்த மாத்திரை போதைபோல் பழகாது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் கெடும். சரியான பிறகும் 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். தைராய்டு பரிசோதனை செய்யாவிட்டால் கேட்டுச் செய்யுங்கள். மழையில் வெட்டு நின்று கூலியில்லாத நாட்களில் மனம் இன்னும் தாழும். அந்த நாட்களில் குடியைத் தொடாதீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): மகள் பிரசவித்து 2 மாதம். சும்மா அழுகிறாள். மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: ஜெபமோ பூசையோ செய்யுங்கள், ஆனால் மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் தரக்கூடிய மருந்து உண்டு. ராத்திரி ஒரு பாதி குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, அவள் விடாமல் 5 மணிநேரம் தூங்கட்டும்.

கேள்வி (நாகர்கோவில்): தங்கை கல்யாணம் தடைபடுமென்று என் நோயை மறைக்கிறேன்.

பதில்: ஊருக்குச் சொல்ல வேண்டாம் தம்பி. ஆனால் மறைப்பதே பெரிய பாரமாகிவிடும். ஒருவரிடம் சொல்லுங்கள்; அது அந்தத் தங்கையாகவே இருக்கட்டுமே.